கேள்வி கேட்காதீர்கள், விலாசம் சொல்லுங்கள்

2011 மாசி மாதத்தில் ஒரு காலை. உப்புவெளிப் பக்கம் ஓர் ஒழுங்கை. பன்னிரண்டு வருடமாக நான் கடிதம் கொண்டுபோகும் ஒழுங்கைதான். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பதுவரை தெரியும். சைக்கிளை விட்டு இறங்கிக் கடிதக் கட்டைக் கையில் எடுத்தேன். அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறியது. வள்ளம் பெரிய அலையில் இருந்து சரிந்து இறங்கும்போது வயிற்றில் ஒரு வெறுமை வருமே, அதைத் தலைகீழாகப் போட்டது மாதிரி. பிறகு ரப்பர் எரியும் மணம். இந்த வெயில், இந்தக் கிடுகு வேலி, அதன்மேல் இருக்கும் இந்தக் காகம் எல்லாம் முன்னரே ஒருநாள் அப்படியே நடந்து முடிந்தவை என்று ஒரு நிச்சயம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

தெளிந்தபோது ஒரு படலைக்கு முன்னால் நின்றேன். கையில் கடிதம் எதுவும் இல்லை. எதிரே ஒரு பெண் நிற்கிறார், முகம் தெரிந்த முகம், பெயர் வரவில்லை. இது எந்த ஊர் என்றும் வரவில்லை. "என்ன தம்பி, எங்களுக்கு இவ்வளவு சொந்தக்காரரா?" என்று அவர் சிரித்தார். ஒழுங்கைக்கான அத்தனை கடிதங்களையும், வங்கிக் கடிதம், கலியாண அழைப்பு, தண்ணீர் பில் உட்பட, அவர்கள் வீட்டுப் பெட்டிக்குள் திணித்திருக்கிறேன். அந்த மூன்று நான்கு நிமிடம் எனக்கு இன்றுவரை ஞாபகத்தில் இல்லை.

நான் டொக்டர் இல்லை, தபால்காரன். இந்த வலிப்பு வருத்தத்தோடு பத்து வருடத்துக்கு மேல் திருகோணமலையில் வேலை செய்து, பிள்ளை வளர்த்து, வழி தவறி, திரும்பி வந்து பழகியதை எழுதுகிறேன். குளிசை விஷயத்தில் உங்கள் டொக்டர் சொல்வதே முடிவு. மற்றவற்றில் என் பேச்சைக் கொஞ்சம் கேட்கலாம்.

இதுவும் வலிப்புத்தான்

வலிப்பு என்றால் விழுந்து, கைகால் அடித்து, வாயில் நுரை தள்ளுவது என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறோம். எனக்கு அப்படி வந்தது இரண்டே முறை. மற்றதெல்லாம் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாத வலிப்பு. நெற்றிப்பொட்டுக்கும் காதுக்கும் உள்பக்கமாக இருக்கும் மூளைப்பகுதியை டெம்பொரல் லோப் என்கிறார்கள். மணம், பயம், ஞாபகம், பேச்சு என்று பல வேலை அங்கே நடக்கிறது. மின்சாரக் கோளாறு அந்த இடத்தில் கிளம்பினால் கைகால் துடிக்காது. இல்லாத மணம் மணக்கும், காரணமில்லாத பயம் வரும், புது இடம் பழகிய இடமாகவும் பழகிய இடம் புது இடமாகவும் மாறும்.

முதலில் வரும் அந்த வயிற்று அலையையும் ரப்பர் மணத்தையும் எங்கள் வீட்டில் 'தந்தி' என்போம். தந்தி வந்தால் பின்னால் ஏதோ செய்தி வரப்போகிறது என்று அர்த்தம்தானே. உண்மையில் அந்தத் தந்தியே ஒரு சின்ன வலிப்பு என்று டொக்டர் பிறகு விளக்கினார். கோளாறு ஒரு சின்ன இடத்தோடு நின்றால் நினைவு தப்பாது, தந்தியோடு முடிந்துவிடும். கொஞ்சம் பரவினால் நினைவு மங்கும்: கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டான். வாயைச் சப்புக்கொட்டுவான், சட்டைப் பொத்தானைத் தடவுவான், கையில் இருப்பதை எங்கேயாவது திணிப்பான். பெரும்பாலும் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை. மூளை முழுக்கப் பரவினால்தான் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெரிய வலிப்பு.

எனக்கு இது பிடிபட இரண்டு வருடம் போனது. ஒரு இடத்தில் வாயுக்கோளாறு என்று வயிற்றுக்குக் குளிசை தந்தார்கள். இன்னொரு இடத்தில் மனப்பயம் என்றார்கள். அம்மா ஒரு ஐயரிடம் கொண்டுபோய் நூல் கட்டுவித்தார். நூலை நான் குறை சொல்லமாட்டேன், அது இன்னும் கையில் இருக்கிறது. நூலைக் கட்டிவிட்டு, சரியான டொக்டரைத் தேடிப் போகாமல் இருந்த காலத்தைத்தான் குறை சொல்லுவேன்.

சாட்சியோடு போங்கள்

இந்த வருத்தத்தில் நோயாளியின் சாட்சியம் பாதிதான். நடந்தபோது நீங்கள் அங்கே இல்லை. அதனால் கிளினிக்குக்குத் தனியாகப் போகவே போகாதீர்கள். என் மனைவி டொக்டர் முன்னால் கதிரையில் இருந்து, நான் எப்படி வாயைச் சப்புவேன், இடது கை எப்படிச் சட்டையைத் தடவும், கண் எந்தப் பக்கம் நிலைகுத்தும் என்று அப்படியே நடித்துக் காட்டினாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை மட்டும் பார்த்தார். இரண்டு வருடம் கிடைக்காத பெயர் பத்து நிமிடத்தில் கிடைத்தது. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, வீட்டார் ஒரு வீடியோ எடுத்துவிட்டால் நடிக்கவும் தேவையில்லை. முதலில் ஆளைப் பத்திரமாக இருத்துங்கள், வீடியோ பிறகு.

ஒரு கொப்பி வாங்குங்கள். நாற்பது பக்கக் கொப்பி போதும். திகதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், தந்தி வந்ததா, எத்தனை நிமிடம், தெளிய எத்தனை நிமிடம், முதல் நாள் இரவு எத்தனை மணி நித்திரை, குளிசை தவறியதா. இவ்வளவும் ஒரு வரியில். நிமிடக் கணக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும், உங்களுக்கு அது ஒரு நொடியாகத்தான் தெரிந்திருக்கும். என் கொப்பியை ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோதுதான் வலிப்புகளில் பாதிக்கு மேல் நித்திரை கெட்ட நாட்களுக்கு மறுநாள் வந்தவை என்று கண்டேன். டொக்டர் சொன்னபோது நம்பாததை என் கையெழுத்து சொன்னபோது நம்பினேன்.

பரிசோதனைக்காகக் கொழும்புக்கு இரவு ரயிலில் போனோம். கந்தளாய் தாண்டியும் எனக்கு நித்திரை வரவில்லை. தலையில் வயர் ஒட்டி எடுக்கும் ஈஈஜி முதல்முறை ஒன்றும் காட்டவில்லை. ஈஈஜி சுத்தமாக வந்தால் வலிப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரைமணி நேரத்துக்குள் கோளாறு தலைகாட்டினால்தான் பிடிபடும். சிலரை வேண்டுமென்றே நித்திரை முழித்து வரச்சொல்லித் திரும்ப எடுப்பார்கள். எனக்கும் அப்படி எடுத்த இரண்டாவதில்தான் வலது பக்கத்தில் கூர்கூராகக் கோடு வந்தது.

எம்ஆர்ஐ ஸ்கானில், வலது டெம்பொரல் லோபுக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கித் தழும்பேறி இருந்தது. அந்தச் சொல்லுக்குக் கடற்குதிரை என்று அர்த்தமாம், வடிவம் அப்படி இருப்பதால் வைத்த பெயர். கடற்கரையில் பிறந்தவன் தலைக்குள்ளும் ஒரு கடற்குதிரை. குழந்தையில் எனக்குக் காய்ச்சலோடு நெடுநேரம் வலிப்பு வந்ததை அம்மா அப்போதுதான் சொன்னார். அப்படி நீண்ட காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் இந்தத் தழும்பு காணப்படுவது உண்டு.

ஞாபகத்தைப் பதிவதும் இடத்தை அறிவதும் அந்தக் கடற்குதிரையின் வேலை. அங்கே சில உயிரணுக்கள் நாம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் என்று 1971இல் ஜோன் ஓ'கீஃப் என்ற விஞ்ஞானி எலிகளில் கண்டுபிடித்தார். 2014இல் அவருக்கும் மோசர் தம்பதியினருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதைப் படித்த பிறகு எனக்கு என்மேல் இருந்த கோபம் குறைந்தது. தெருவை நான் மறக்கவில்லை. தெருவை வைத்திருக்கும் அலுமாரிக்குக் கொஞ்ச நேரம் கரண்ட் போகிறது, அவ்வளவுதான்.

தொழில் மறக்காமல் ஆள் மட்டும் மறப்பது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய நரம்பியல் நிபுணர் 1888இல் தன் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். அந்த நோயாளியே ஒரு டொக்டர். ஒருநாள் வலிப்பு மயக்கத்துக்குள் இருந்தபடியே ஒருவரின் நெஞ்சைப் பரிசோதித்து, இடது நுரையீரலின் அடியில் நிமோனியா என்று எழுதிவைத்திருக்கிறார். தெளிந்த பிறகு எதுவும் ஞாபகம் இல்லாமல் மறுபடி பரிசோதித்துப் பார்த்தால், எழுதியது சரி. நான் ஓர் ஒழுங்கைக் கடிதத்தையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டவன். எல்லாருக்கும் அந்தக் கெட்டித்தனம் வாய்ப்பதில்லை.

நடக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இடம் தெரியாமல் போனால் நின்ற இடத்திலேயே இருங்கள். தேடிப் போகாதீர்கள்.

தெளிந்தும் தெளியாத அந்த நேரத்தில் கால் நடக்கச் சொல்லும். வீட்டுக்குப் போ, கெதியாகப் போ என்று ஒரு அவதி உள்ளே துரத்தும். ஒருமுறை நான் அதற்குக் கீழ்ப்படிந்து மத்திய வீதியில் இருந்து நடக்கத் தொடங்கியிருக்கிறேன். தெளிந்தபோது டச்சுக்குடா மணலில் நின்றேன், ஒரு காலில் மட்டும் செருப்பு. இடையில் எத்தனை ஓட்டோ, எத்தனை பஸ் என்னை விலத்திப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் கோட்டை வாசல், அதற்கும் மேலே ஏறினால் இராவணன் வெட்டு என்ற செங்குத்துப் பாறை. அந்த விளிம்பை நினைத்த பிறகு கோணேசர் கோவிலுக்கு நான் தனியாகப் போவதில்லை.

ஆகவே தந்தி வந்த உடனே செய்ய வேண்டியது: இறங்குங்கள், தள்ளுங்கள், இருங்கள். சைக்கிளில் இருந்தால் இறங்கி அதை அப்படியே விழவிடுங்கள், நிறுத்தித் தாங்கிபோட நேரம் இல்லை. கையில் சுடுதண்ணீரோ கத்தியோ இருந்தால் தள்ளி வையுங்கள். தெருக்கரையை விட்டு விலகி, சுவரில் முதுகு படும்படி நிலத்தில் இருங்கள். மதகும் கிணற்றுக்கட்டும் சுவர் இல்லை. எனக்குத் தந்திக்கும் மயக்கத்துக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நொடி கிடைக்கும். சிலருக்குத் தந்தியே வராது, அவர்களுக்குப் பக்கத்தில் ஆள் இருப்பதுதான் வழி. நேரம் இருந்தால் ஒரு வசனம் சொல்லுங்கள். எந்த வசனம் என்பதை முன்னாலேயே பாடமாக்கி வையுங்கள், அந்த நேரத்தில் புதிதாக வசனம் கட்ட முடியாது. என்னுடையது: "எனக்கு வருத்தம் வருகுது, கொஞ்ச நேரம் பக்கத்தில நில்லுங்கோ."

தெளியத் தொடங்கும்போது ஞாபகத்தை நோண்டாதீர்கள். இது எந்த வீதி, நான் ஏன் வந்தேன் என்று தலைக்குள் தட்டத் தட்டப் பயம்தான் கூடும். ஞாபகம் தன் வரிசையில் தானாக வரும். எனக்கு முதலில் வருவது சத்தம்: கோவில் மணியோ பஸ் ஹோனோ. அப்புறம் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது, அதாவது கடல் எந்தப் பக்கம் என்பது. அப்புறம் என் பெயர், மனைவியின் பெயர், பிறகு வீதி. கிழமை கடைசியில்தான் வரும். பெயர்ப்பலகையை வாசிப்பது உதவும் என்று நினைத்திருந்தேன், ஆனால் எழுத்து தெரிந்தாலும் அர்த்தம் பிந்தித்தான் வருகிறது. உங்கள் வரிசை வேறாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கொப்பியில் எழுதிவைத்தால் அடுத்த முறை, சரி, இரண்டாம் படிக்கு வந்துவிட்டேன், இன்னும் மூன்றுதான் என்று உங்களுக்கே ஒரு பிடி கிடைக்கும். எனக்கு எட்டு முதல் பதினைந்து நிமிடம். சிலருக்கு மணிக்கணக்கும் ஆகலாம்.

எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஒரு மணி நேரத்துக்குக் காசு எண்ணாதீர்கள், கையெழுத்துப் போடாதீர்கள், யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். நான் ஒருமுறை தெளிந்துவிட்டேன் என்று நம்பி ஒரு பதிவுத் தபாலைக் கையெழுத்து வாங்காமலே கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு விளக்கம் எழுதியது வலிப்பைவிடப் பெரிய பாடு.

சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். நம்முடைய ஊரில் உங்களைக் கண்டெடுப்பவர் எந்த மொழிக்காரர் என்று சொல்ல முடியாது. என் அட்டையில் இவ்வளவுதான்: "எனக்கு வலிப்பு வருத்தம் உண்டு. நான் குடிக்கவில்லை. சில நிமிடத்தில் தெளிந்துவிடும். என்னைப் பிடித்து இழுக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்." கீழே மனைவியின் போன் இலக்கம், என் குளிசையின் பெயர். காசுப் பைக்குள் வைக்காதீர்கள், மயங்கியவனின் காசுப் பையைத் திறக்க நல்ல மனிதர் தயங்குவார். 'நான் குடிக்கவில்லை' என்ற வரி பிறகு சேர்த்தது. சீருடை போட்ட ஒருவர் என்னைப் போதையில் நிற்பவன் என்று நினைத்து அதட்டியதன் பலன். இதே தடுமாற்றம் போர்க்காலத்தில் ஒரு சோதனைச்சாவடிக்கு முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அதிகம் யோசிப்பதில்லை.

பக்கத்தில் நிற்பவர்களுக்கு

நீங்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள்: "நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்?" "இண்டைக்கு என்ன கிழமை?" "என்ன, என்ன, என்ன செய்யுது?" எங்களுக்கு அது சோதனை மண்டபம். விடை தெரியாது என்பது மட்டும் தெரியும், அதனால் பயம் ஏறும். பயம் ஏறினால் எழுந்து ஓடப் பார்ப்போம், சிலர் கையைத் தட்டிவிடுவார்கள்.

கேள்விக்குப் பதிலாக விலாசத்தைச் சொல்லுங்கள். மெதுவாக, ஒரே குரலில்: இது இன்ன இடம், இன்று இன்ன கிழமை, நான் இன்னார், வலிப்பு வந்து போய்விட்டது, நான் இங்கேதான் நிற்கிறேன். ஒரு நிமிடம் விட்டு அதையே திருப்பிச் சொல்லுங்கள். நாங்கள் பதில் சொல்லாவிட்டாலும் காதில் விழுகிறது. வீதிக்கும் எங்களுக்கும் நடுவில் நில்லுங்கள். நடக்கப் பார்த்தால் பிடித்து இறுக்காமல் தோளில் லேசாகக் கை வைத்துத் திசையை மட்டும் மாற்றுங்கள். தண்ணீர், சோடா, தேத்தண்ணி எதுவும் முழுதாகத் தெளியும்வரை தராதீர்கள், புரைக்கேறும்.

பெரிய வலிப்பாக மாறி விழுந்துவிட்டால், முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். சுற்றியிருக்கும் கல், கதிரை எல்லாவற்றையும் தள்ளுங்கள், தலைக்கு அடியில் சாரமோ துவாயோ மடித்து வையுங்கள், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பொத்தானைக் கழற்றுங்கள். வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்காதீர்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் ஒன்றும் நிற்காது. வலிப்பு தன் நேரத்துக்கு நிற்கிறது, பெயரைச் சாவி வாங்கிக்கொள்கிறது. என் மாமா அந்தச் சாவியால் என் உள்ளங்கையைக் கிழித்ததுதான் மிச்சம். ஐந்து நிமிடம் தாண்டினாலும், ஒன்று முடிந்து தெளியாமலே அடுத்தது வந்தாலும், தண்ணீருக்குள் வந்தாலும், தலையில் அடிபட்டாலும், கர்ப்பிணியாக இருந்தாலும், வாழ்க்கையில் முதல்முறையாக வந்தாலும் 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

குளிசையும் நித்திரையும்

எனக்கு முதலில் தந்தது கார்பமசெபைன். சின்ன அளவில் தொடங்கிக் கிழமைக் கணக்கில் ஏற்றினார்கள். ஏற்றும்போது தலை கிறுகிறுத்தது, வீட்டு இலக்கங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அளவை மாற்றியதும் சரியானது. உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். பிறகு லெவெட்டிரசெட்டமும் சேர்ந்தது. அதன் முதல் இரண்டு மாதம் நான் வீட்டில் எரிந்து விழுந்ததை மனைவி கொப்பியில் தனிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அதுவும் குளிசையின் குணம்தான் என்று டொக்டர் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி, விடுங்கள்.

திடீரென்று நிறுத்துவதுதான் மிகப் பெரிய பிழை. ஆறு மாதம் வரவில்லை, சுகமாகிவிட்டது என்று தானாக நிறுத்தியவனுக்குத்தான் நிற்காத வலிப்பு வருகிறது. எனக்கு வந்த இரண்டு பெரிய வலிப்பில் ஒன்று அப்படி நானே தேடிக்கொண்டது. மற்றது 2022இல். மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம், கிளினிக்கில் இல்லை, பாமசி பாமசியாக ஏறி இறங்கினேன், மூன்று நாள் பிந்தியது. அன்றிலிருந்து இரண்டு கிழமைக்கான குளிசை தனி டப்பாவில் எப்போதும் இருக்கும். பழையதை எடுத்துப் புதியதை வைத்து மாற்றிக்கொண்டே இருப்பேன். குசினிக்குள் வேண்டாம், நம்முடைய புழுக்கத்துக்குக் குளிசை கெட்டுப்போகும்.

வேறு வருத்தத்துக்கு வேறு டொக்டரிடம் போனால் இந்தக் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள். எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் போன்ற கிருமி மருந்துகள் கார்பமசெபைனின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். பெண்களுக்கு இரண்டு விஷயம்: கார்பமசெபைன் கருத்தடைக் குளிசையின் பலனைக் குறைக்கும். வல்புரோவேட் என்ற இன்னொரு வலிப்புக் குளிசை வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது, ஆகவே கர்ப்பத்துக்கு முன்னரே டொக்டரோடு கதைக்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தானாக நிறுத்துவதும் ஆபத்து.

பொருத்தமான இரண்டு மருந்தைச் சரியான அளவில் எடுத்தும் நிற்கவில்லை என்றால், சத்திரசிகிச்சை செய்யலாமா என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள். 2001இல் கனடாவில் 80 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில், ஒரு வருடத்தில் நினைவு தப்பும் வலிப்பு முற்றாக நின்றவர்கள் சத்திரசிகிச்சைப் பக்கத்தில் 58 வீதம், மருந்துப் பக்கத்தில் 8 வீதம். எல்லாருக்கும் அது பொருந்தாது, பல பரிசோதனை பார்த்துத்தான் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது குளிசையோடு நினைவு தப்புவது வருடத்துக்கு மூன்று நான்காகக் குறைந்துவிட்டது. டொக்டரோடு கதைத்து, இப்போதைக்குக் குளிசையோடு இருக்கிறேன்.

நித்திரை. சிவராத்திரிக்குக் கோணேசர் கோவிலில் விடிய விடிய முழித்திருந்து பழகிய குடும்பம் எங்களுடையது. வருத்தம் வந்த பிறகும் ஒரு வருடம் பிடிவாதமாக முழித்தேன். மறுநாள் மத்தியானத்துக்குள் மூன்று வந்தது. இப்போது முதல் சாமப் பூசை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பேன். ஈசுவரன் கணக்குக் கேட்டால் ஈஈஜியைக் காட்டலாம். விரத நாளிலும் குளிசையைத் தண்ணீரோடு போட்டுவிடுங்கள். நோன்பு பிடிக்கும் முஸ்லிம் நண்பர்கள் ரமழானுக்கு முன்னரே டொக்டரிடம் போய் நேரத்தை மாற்றிக் கேட்பது நல்லது, நாமாக மாற்றக்கூடாது. காய்ச்சல், வயிற்றோட்டம், சாராயம் மூன்றும் எனக்குத் தந்தியைக் கூட்டும்.

கிணறு, அடுப்பு, கடல்

கிணற்றில் தனியாக அள்ளிக் குளிப்பதை விட்டேன். வாளியில் நிரப்பி, பிளாஸ்டிக் முக்காலியில் இருந்து குளிக்கிறேன். குளியலறைக் கதவுக்குக் கொண்டி போடுவதில்லை, வெளியே துவாய் தொங்கினால் உள்ளே ஆள் என்று வீட்டில் ஏற்பாடு. சமைப்பவராக இருந்தால் கொதிக்கும் சட்டியைத் தூக்கி நடக்காதீர்கள், தட்டைச் சட்டியடிக்குக் கொண்டுபோங்கள். கூரை, ஏணி, மரம் வேண்டாம்.

கடல்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வலிப்பு வந்தவன் தண்ணீருக்குள் கத்தமாட்டான், கை தூக்கமாட்டான், பேசாமல் போய்விடுவான். நிலாவெளியில் இடுப்பளவுத் தண்ணீரில், என்னைத் தூக்கக்கூடிய மச்சான் ஒரு கை தூரத்தில் நின்றால் மட்டும் இறங்குகிறேன். அவர் போனைப் பார்த்தால் நான் கரைக்கு வந்துவிடுவேன். மோட்டார் சைக்கிளை விற்றாகிவிட்டது. டொக்டர் எழுத்தில் தரும்வரை ஓடக்கூடாது, உங்கள் உயிர் மட்டும் இல்லையே அதில்.

வேலையில், மறைத்த காலம் சொன்ன காலத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. சொன்ன பிறகு என்னை உள்ளே கடிதம் பிரிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். முதலில் அது தண்டனை மாதிரி இருந்தது. வெளியில் சுற்றியவனுக்கு நாற்காலி சிறை. இப்போது கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று ஊர் ஊராகக் கடிதத்தைப் பிரித்து எறியும்போது அந்தந்த வீதி மனதில் ஓடும், அது ஒரு மருந்து. மனம் சோர்ந்துபோவதும் இந்த வருத்தத்தோடு கூட வருவது, சும்மா யோசனை என்று தள்ளாதீர்கள். வலிப்பைப் பார்க்கும் டொக்டரிடமே அதையும் சொல்லுங்கள். இரவில் இருந்துகொள்ள முடியாவிட்டால் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்துக் கதைக்கலாம்.

யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்டால், நீங்கள் ஒவ்வொரு நாளும் கடந்துபோகும் ஐந்து பேருக்குச் சொல்லுங்கள் என்பேன். எனக்கு அந்த ஐவரில் ஒருவர் மத்திய வீதியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் தம்பி. தந்தி வந்தால் நான் அவர் கடைச் சுவரோடு போய் இருந்துவிடுவேன். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, நிமிடத்துக்கு ஒருமுறை, யாரையும் பார்க்காமல் சொல்லுவார்: "அண்ணன், இது மத்திய வீதி. நம்மட கடை. இண்டைக்கு வியாழன். ஒண்டும் அவசரமில்ல." கடையின் பெயரை நான் என் வாயால் திருப்பிச் சொன்னால்தான் தேத்தண்ணி தருவார், அதற்கு முன் கெஞ்சினாலும் கிடையாது. போன மாதம் பதினொரு நிமிடம் எடுத்தது. பிளேன்டீ, சீனி குறைவு.